மலை சரியப்போறது முன்னாடியே தெரியிற புள்ள: இது சயன்ஸ் ஃபிக்ஷனா ஃபேன்டசியா, நம்ம ஆக்கள் நம்புவாங்களா?

பண்டாரவளை பக்கத்துலருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. கூட்டாளிமாரு சேந்து ஒரு குறும்படம் எடுக்கப் போறாங்களாம். கதை என்னன்னா, லயத்துல, அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டுல, இருக்கிற பதினாலு வயசுப் புள்ள ஒன்னுக்கு மலை சரியப்போறது முன்னாடியே தெரியுது. இத சயன்ஸ் ஃபிக்ஷனா எழுதுறதா ஃபேன்டசியா எழுதுறதா, கிராபிக்ஸுக்கு சல்லி இல்லாம முடியுமா, நீங்க இந்த மாதிரி படம் பாக்கும்போது எத கவனிப்பீங்க, இவ்வளவும் கேட்டுட்டு கடைசி வரில "நம்ம ஆக்கள் இதெல்லாம் நம்புவாங்களா, இல்ல சிரிப்பாங்களா"ன்னு போட்டிருக்காரு. தம்பி, எனக்கு பட்டது என்னன்னா நீங்க உண்மையா கேக்குறது அந்த கடைசி வரி மட்டும்தான், மத்த மூணும் அதுக்குள்ளயே அடங்கிருது. நம்ப வைக்க முடியும்னு உங்களுக்கு தெரிஞ்சிட்டா மத்ததெல்லாம் நீங்களே பாத்துக்குவீங்க. அதனால அந்த பக்கத்துலருந்தே வாறேன்.

நான் ஹட்டன் பக்கம், டெலி டிராமாவுக்கும் குறும்படத்துக்கும் எழுதுறது, புதுசா எழுதுறவங்க ஸ்கிரிப்ட வாசிச்சு கருத்து சொல்றது, ரொம்ப வருஷமா இதுதான் வேலை. கேமரா, கிராபிக்ஸ் செலவு இதெல்லாம் என் பக்கம் இல்ல, அத அந்த வேலை செய்ற ஆக்கள்கிட்ட கேளுங்க. கதையும் திரைக்கதையும் பத்தி மட்டும் சொல்றேன், அதுலயும் நிச்சயமா சொல்லக்கூடியது எது என் அபிப்பிராயம் எதுன்னு பிரிச்சே சொல்றேன்.

எத கவனிப்பேன்னு கேட்டீங்கல்ல. ஒரே ஒரு விஷயம்தான். ராத்திரி அந்த அதிசயம் நடந்துச்சு, சரி, அடுத்த நாள் காலைல பெரட்டுல என்ன நடக்கும்? வெளியூர் ஆக்களும் வாசிப்பாங்க, அதனால சொல்லிடுறேன், பெரட்டுன்னா தோட்டத்துல காலைல வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம், யாரு எந்த மலைக்கு கொழுந்துக்கு போறது, யாரு கவ்வாத்துக்கு, அதாவது தேயிலைச் செடிய வெட்டிவிட, போறது, யாரு லேட்டா வந்ததால இன்னைக்கு பேரு இல்லாம, அதாவது அந்த நாள் சம்பளக் கணக்கு இல்லாம, திரும்பி போறது எல்லாம் அங்கதான் முடிவாகும். வானத்துலருந்து ஒரு கப்பல் நம்ம பத்தாம் நம்பர் மலையில எறங்குனாலும் கொழுந்து முத்திரும்ல, வாரத்துக்கு ஒருக்கா எடுத்தே ஆகணும்ல, அப்ப கணக்கப்புள்ள என்ன செய்வாரு, அந்த மலையில நிரை பிடிச்சிருந்த பொம்பளைங்கள எங்க அனுப்புவாரு, தோட்டத்த நடத்துற தொர யாருக்கு ஃபோன் எடுப்பாரு, யூனியன் தலைவரு என்ன கதைப்பாரு, இதெல்லாம் எழுதுன ஆளுக்கு தெரிஞ்சிருந்தா கப்பல நான் நம்பிருவேன். கப்பல் எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் அடுத்த நாள் காலை அந்த கதைல இல்லாட்டி எனக்கு ஒட்டாது. இது என்னோட அளவுகோல், எல்லாரும் ஒத்துக்கணும்னு இல்ல, ஆனா பாத்து முடிச்சப்புறமும் மனசுல நின்ன படங்கள யோசிச்சு பாருங்க, பெரும்பாலும் அதுல அடுத்த நாள் காலை இருக்கும். 2015ல வந்த இன்று நேற்று நாளை படத்துல கையில டைம் மெஷின் கிடைச்ச ரெண்டு பேரும் உலகத்த காப்பாத்த கெளம்பல, காணாம போன சாமான கண்டுபிடிச்சு குடுத்து காசு பாக்குறாங்க. அந்த ஒரு முடிவுலயே மெஷின் நிஜமாயிருச்சு, ஏன்னா நம்ம தெருவுல ஒருத்தன்கிட்ட கிடைச்சிருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பான்.

சல்லி விஷயத்த இப்பவே முடிச்சிடுறேன், ஏன்னா இது சந்தேகமே இல்லாத விஷயம். 1966ல ஸ்டார் ட்ரெக் டிவி தொடர் தொடங்குனப்ப ஒவ்வொரு வாரமும் ஒரு புது கிரகத்துல கப்பல எறக்கி காட்டுறதுக்கு அவங்க பட்ஜெட் பத்தாது. அதனாலதான் ஆள ஒரு இடத்துல மறைய வச்சு இன்னொரு இடத்துல தோன்ற வைக்கிற அந்த ட்ரான்ஸ்போர்ட்டர கண்டுபிடிச்சாங்க. செலவ மிச்சம் பிடிக்க வந்த ஒரு சாமான், அப்புறம் அது வேலை செய்யாட்டி என்ன, பாதில நின்னா என்ன, ஒரு ஆள் ரெண்டா வந்தா என்னன்னு எத்தனையோ கதைய அதுவே குடுத்துச்சு. 1962ல பிரான்ஸ்ல கிறிஸ் மார்க்கர் எடுத்த லா ஜெத்தே 28 நிமிஷப் படம், மூணாம் உலகப் போருக்கு அப்புறம் ஒரு ஆள காலத்துல பின்னாடி அனுப்புற கதை, கிட்டத்தட்ட முழுப் படமும் அசையாத ஃபோட்டோக்கள்தான், ஒரே ஒரு இடத்துல மட்டும் தூங்கிட்டிருக்கிற பொம்பள கண்ண தொறப்பா. அந்த அசைவுக்கு ஈடா எந்த கிராபிக்ஸையும் நான் சொல்ல மாட்டேன். 2004ல வந்த ப்ரைமர் வெறும் 7,000 டாலருக்கு முடிச்ச படம், டைம் மெஷின் ஒரு பெட்டி அளவுதான், சன்டான்ஸ் விழாவுல பெரிய பரிச வாங்கிருச்சு. அதுல ஒரு குறையும் எனக்கு இருக்கு, கணக்கு அவ்வளவு இறுக்கமா இருக்கு, பாக்குறவன் பாதில வழி தவறிடுவான். ஆனாலும் பட்ஜெட்ட பத்தி இனி யாரும் சாக்கு சொல்ல முடியாதுன்னு அது காட்டிருச்சு. இந்த மூணு பேரும் செஞ்சது, எத காட்ட முடியாதோ அத காட்டாம இருக்கிறதுக்கு கதைக்குள்ளயே ஒரு காரணம் வச்சது. உங்க படத்துல மலை சரியிறத காட்டவே வேண்டியதில்ல தம்பி. புள்ளைக்கு தெரியிறது எப்படின்னு மட்டும் முடிவு பண்ணுங்க, அத மூஞ்சிலயும் சத்தத்துலயும் எடுத்துடலாம்.

இனி சயன்ஸ் ஃபிக்ஷனா ஃபேன்டசியான்னு கேட்டதுக்கு வாறேன். இது விவாதம் முடியாத விஷயம், எல்லைய போட்டவன் எவனும் நிம்மதியா இருந்ததில்ல, அதனால இது என் வேலைக்கு உதவுற பிரிப்பு மட்டும்தான்னு எடுத்துக்கோங்க. சயன்ஸ் ஃபிக்ஷன்ல அந்த அதிசயத்த இன்னொருத்தரும் செய்யலாம். உங்க புள்ளைக்கு மலை சரியிறது தெரியிறது மண்ணுக்குள்ள ஏதோ ஒரு அதிர்வ அவ காது பிடிக்கிறதாலன்னு வச்சா, அப்ப அந்த அதிர்வ ஒரு மெஷினும் பிடிக்கலாம், அப்ப யாராச்சும் அவள டெஸ்ட் பண்ண வருவாங்க, அவ காதுக்கு விலை பேசுவாங்க, அவ இல்லாமலே முடியும்னு ஒரு கட்டத்துல அவள விட்டுருவாங்க. கதை அந்தப் பக்கம் ஓடும். ஃபேன்டசில அது ஒரு உறவு. சாமியோ பேயோ மலையோ அந்த புள்ளைய தேடி வந்து குடுத்திருக்கு, இன்னொருத்தருக்கு கிடைக்காது, ஆனா குடுத்தது திருப்பி ஏதாச்சும் கேக்கும். என்ன கேக்குது, எப்ப கேக்குது, அவ குடுக்க மாட்டேன்னு சொன்னா என்ன ஆகும்னு கதை ஓடும். ரெண்டுல எந்த கேள்வி உங்களுக்கு ராத்திரில தூக்கத்த கெடுக்குதோ அத எடுங்க, பேர அப்புறம் வச்சுக்கலாம்.

நம்ம ஊர்ல இந்த எல்லை இன்னும் மங்கல்தான், அது நமக்கு நல்லது. ஸ்டோருக்குள்ள, அதான் தேயிலை ஃபாக்டரிக்குள்ள, கொழுந்த அரைக்கிற ரோதை மெஷினுக்கு ஒரு சாமி வச்சு ரோதமுனின்னு கும்பிட்ட ஆக்கள் நம்ம. கவ்வாத்துக்கு ஒரு சாமி, கொழுந்துக்கு ஒரு சாமி. வெள்ளக்காரன் கொண்டாந்து மாட்டுன மெஷின பாத்து, இது சுத்துறப்ப கை போயிரும் உயிர் போயிரும், அப்ப இதுக்குள்ள ஒருத்தர் இருக்காருன்னு முடிவு பண்ணி அவருக்கு பூசை போட்டிருக்காங்க. மெஷினும் சாமியும் ஒரே இடத்துல நிக்கிற அந்த காட்சிய விட நல்ல தொடக்கம் எந்த நாட்டு சயன்ஸ் ஃபிக்ஷன் எழுத்தாளனுக்கு கிடைச்சிருக்கு சொல்லுங்க. அத இன்னும் யாரும் திரையில ஒழுங்கா தொடலன்னு எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கு.

எத வேணும்னாலும் மாத்தலாமா, எவ்வளவு பொய் சொல்லலாம்னு அடுத்ததா கேப்பீங்க. இதுக்கு நம்ம மலையிலயே உதாரணம் இருக்கு. ஆர்தர் சி கிளார்க் 1956ல இலங்கைக்கு வந்து 2008ல சாகும் வரைக்கும் இங்கதான் இருந்தாரு, 2001ன்னு பேருள்ள விண்வெளிப் படத்துக்கு டைரக்டர் குப்ரிக் கூட சேந்து திரைக்கதை எழுதுனவரு. அவரோட தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ் நாவல் 1979ல வந்துச்சு, பூமியிலருந்து விண்வெளிக்கு ஒரு லிஃப்ட் கட்டுற கதை, அந்த லிஃப்ட் நிக்கிற எடம் நம்ம சிவனொளிபாதமலைய வச்சு எழுதுன ஒரு மலை. ஆனா விஞ்ஞானப்படி அந்த மாதிரி லிஃப்ட் பூமத்திய ரேகையில நிக்கணும், ஏன்னா கயித்த தாங்குற நிலையம் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்துல, பூமி சுத்துற அதே வேகத்துல சுத்தி ஒரே எடத்துக்கு மேல நிக்கிறாப்ல இருக்கணும், அது பூமத்திய ரேகைக்கு நேர் மேலதான் நடக்கும். நம்ம நாடு அதுக்கு வடக்கால கிடக்கு. மனுஷன் என்ன செஞ்சாரு? தீவையே 800 கிலோமீட்டர் தெற்கால தள்ளி வச்சிட்டாரு, அது அப்படியே உள்ள நாடு இல்லன்னு முன்னுரையிலயே சொல்லி, தள்ளி வச்சத புத்தகத்தோட பின்குறிப்புல வெளிப்படையா எழுதியும் வச்சாரு. ஒரு பெரிய பொய், முதல்லயே கையில குடுத்துட்டாரு, அதுக்கப்புறம் கதைக்குள்ள கயித்தோட பலம், காத்து, உயரம், விபத்து எல்லாத்துலயும் கணக்கு தவறாம பாத்துக்கிட்டாரு. உங்களுக்கும் அதான். புள்ளைக்கு தெரியும்ங்கிறது ஒரு பொய். அத முதல் ரெண்டு மூணு நிமிஷத்துலயே குடுத்துடுங்க. நடுவுல கதை சிக்கிருச்சுன்னு அவளுக்கு புதுசா இன்னொரு சக்திய குடுத்தீங்கன்னா அங்கதான் நம்ம ஆக்கள் சிரிப்பாங்க, சிரிக்கிறது நியாயமும்தான்.

அந்த நாவல்ல மலை உச்சில பிக்குமார் இருக்காங்க, இஞ்சினியர் இருக்காரு. வாசிச்சு முடிச்சதுலருந்து எனக்கு ஒரு ஆசை. அந்த மலைக்கு அடிவாரத்துல, நல்லதண்ணி பக்கம், மஸ்கெலியா பக்கம் எல்லாம் தோட்டம்தானே. அங்க லயத்து இஸ்தோப்புல, அதான் முன் வாசல் திண்ணைல, உக்காந்து பாத்தா அந்த லிஃப்ட் எப்படி தெரியும்? சீசனுக்கு மலை ஏற வாறவங்கள நம்பி கடை போடுற குடும்பம் என்ன ஆகும்? கட்டுறதுக்கு சாமான் தூக்க யாரு போவா, பேருக்கு எவ்வளவு? அத எழுதுனா அது நம்ம கதை. 1984ல வந்த இன்டியானா ஜோன்ஸ் படத்த கண்டிப் பக்கம் வந்து எடுத்துட்டு போனாங்க, கதை நடக்கிறது இந்தியாவுலன்னு காட்டுனாங்க. நம்ம மலை ரொம்ப காலமா மத்தவங்க கற்பனைக்கு பின்னாடி நிக்கிற திரையாவே இருந்திருக்கு, முன்னுக்கு வரட்டும்னுதான் இவ்வளவு நீட்டி எழுதுறேன்.

சரி, உங்க கதைக்குள்ள போவோம், எனக்கு இதுதான் முக்கியம். நீங்க கொஸ்லாந்தைக்கு கிட்ட இருக்கிற ஆளு, மீரியபெத்தை தோட்டத்து மண்சரிவ பத்தி நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. 2014 அக்டோபர் 29, காலை நேரம், லயம் லயமா மண்ணுக்குள்ள போச்சு, பள்ளிக்கூடம் போயிருந்த புள்ளைக திரும்பி வந்தப்ப வீடும் இல்ல வீட்டு ஆளும் இல்ல. அதுல ஒரு எழுத்தாளனா என்னைய போட்டு அரிக்கிறது எதுன்னா, அந்த இடம் ஆபத்துன்னு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வருஷக்கணக்கா முன்னாடியே சொல்லியிருந்துச்சு. தெரியாம நடந்த சாவு இல்ல அது. அப்ப உங்க புள்ளைக்கு "முன்னாடியே தெரியும்"ங்கிறது மட்டும் ஒரு சக்தியே இல்ல தம்பி, அது நம்ம எல்லாருக்கும் ஏற்கனவே இருந்த சக்தி. கதை தொடங்குறது அதுக்கு அடுத்த படில. தெரிஞ்சிருச்சு, இப்ப எங்க போறது? லயத்து காம்பரா நம்ம பேர்ல இல்ல, காணி நம்ம பேர்ல இல்ல, பள்ளிக்கூட ஹோலுக்கு போனா ரெண்டு நாள் மூணு நாள், அந்த நாளுக்கெல்லாம் பேரு விழாது, ஆடு மாட்டுக்கு யாரு புல்லு அறுக்கிறது, கட்டிலும் அலமாரியும் கிடக்கிற வீட்ட பூட்டாம போகவும் முடியாது.

இன்னொரு விஷயமும் நிச்சயமா தெரியும். விஞ்ஞானத்தால எந்த இடம் சரியலாம்னு சொல்ல முடியும், என்ன நேரத்துல சரியும்னு சொல்ல முடியாது. அதனாலதான் மழைய வச்சு எல்லை போட்டிருக்காங்க, 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் தாண்டுனா உஷாரா இருக்கணும், 100 தாண்டுனா எச்சரிக்கை, 150 தாண்டுனா வெளியேறணும். உங்க புள்ளைக்கு குடுக்கிற சக்திக்கும் இதே குறைய வைங்க. அவளுக்கு எடம் தெரியும், நேரம் தெரியாது. இது என் யோசனைதான், ஆனா இத வச்ச உடனே கதை எவ்வளவு இறுகுதுன்னு பாருங்க. அவ சொல்றா, ஆக்கள் போறாங்க, அன்னைக்கு ஒன்னும் நடக்கல. அடுத்த நாள் பெரட்டுல முப்பது குடும்பத்துக்கு பேரு இல்ல. அந்த காசுக்கு கடைக்காரருக்கு பதில் சொல்லணும். இப்ப அந்த புள்ளையோட அம்மாவ மத்த பொம்பளைங்க எப்படி பாப்பாங்க? மலையில நிரைல நிக்கிறப்ப பக்கத்துல நிப்பாங்களா? மடுவத்துல கொழுந்து நிறுக்கிறப்ப யாராச்சும் அவகிட்ட பேசுவாங்களா?

இங்க ஒரு குழி இருக்கு, பாத்து நடங்க. இத "புலி வருது புலி வருது" கதையா முடிச்சிராதீங்க, அதாவது பொய்யின்னு நெனச்சு கடைசில யாரும் போகல, எல்லாரும் செத்தாங்கன்னு. அது நம்ம ஆக்கள முட்டாளா காட்டுது. உண்மைல எவனும் முட்டாள் இல்ல, எல்லாரும் அவள நம்புறாங்க, நம்பியும் போக முடியலங்கிறதுதான் நெஞ்ச அடைக்குது. எல்லாரும் நம்புறாங்கன்னு எழுதுங்க. தாத்தா நம்புறாரு, கங்காணி நம்புறாரு, ஆப்பீஸ் ஐயா கூட தனியா கூப்பிட்டு "எங்க வீடு எப்படி புள்ள"ன்னு கேக்குறாரு. நம்புற ஒரு ஊருக்கு நடுவுல அவ நிக்கிறா. அப்ப அவளுக்கு அந்த சக்தி என்னவா ஆகும்? யாரு வீடு முதல்ல போகும்னு சொல்லச் சொல்லி கேப்பாங்க. பள்ளிக்கூட ஹோல்ல இருபது குடும்பத்துக்குத்தான் எடம் இருக்குன்னா யாரு போறதுன்னு அவ வாயாலதான் வரும். பதினாலு வயசு புள்ள கிட்ட அந்த பாரத்த ஊரே சேந்து ஏத்துது. உங்க படத்தோட நடு அதுதான்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

அவளுக்கு தெரியிறத எப்படி காட்டுறதுன்னா, மந்திர வெளிச்சம், கண்ணு வெள்ளையா மாறுறது எல்லாம் வேணாம். மலை சரியிறதுக்கு முன்னால நெசமாவே வாற அறிகுறிகள் இருக்கு, கதவு நிலை கோணி சாத்த முடியாம போகும், சுவர்லயும் நெலத்துலயும் வெடிப்பு விழும், மரமும் லைட் போஸ்டும் சாயும், பீலித் தண்ணி, அதான் மலைலருந்து வழிஞ்சு வாற ஊத்துத் தண்ணி, திடீர்னு கலங்கி வரும், இல்லாட்டி நின்னுரும், தண்ணியே இல்லாத எடத்துல ஊத்து கெளம்பும். இத ஒவ்வொன்னா, பேசாம, அவ கண்ணு வழியா காட்டுங்க. அவ கதவ சாத்துறா, சாத்துதில்ல, நிக்கிறா. பாக்குற நம்ம ஆளுக்கு முதுகு சில்லிட்டுப் போகும், ஏன்னா அவன் வீட்டு கதவும் போன மழைல அப்படித்தான் இருந்துச்சு. இதுல ஒரு பெரிய லாபம், படம் பாத்த ஒரு அம்மாவுக்கு அந்த அறிகுறி மனசுல தங்கிருச்சுன்னா அது படத்துக்கு மேல.

மீரியபெத்த பேர நேரா வைக்காதீங்க, அந்த நாளையும் வைக்காதீங்க. இது சட்டம் இல்ல, என் மனசாட்சி. ஆள் இன்னும் உயிரோட இருக்காங்க, அவங்க துக்கத்த எடுத்து அதுல ஒரு சக்தி உள்ள புள்ளைய சொருகுனா, "அப்ப எங்க வீட்டுல அந்த புள்ள ஏன் இல்ல"ன்னு ஒருத்தர் கேட்டா நம்மகிட்ட பதில் இல்ல. 1974 டிசம்பர் 4ல ஏழு கன்னிமலையில ஹஜ் யாத்திரிகர்களோட வந்த விமானம் மோதி 191 பேரும் செத்தாங்க, அத வச்சு பேய்க்கதை எழுதி என்கிட்ட கொண்டாற தம்பிமாரும் உண்டு. அவங்களுக்கும் இதத்தான் சொல்றேன். பேரில்லாத ஒரு தோட்டம் வைங்க, கற்பனைக்கு நெறைய எடம் இருக்கும், யாருக்கும் வலிக்காது.

இப்ப நம்ம ஆக்கள் நம்புவாங்களாங்கிறதுக்கு வாறேன். காமன் கூத்து பாத்திருப்பீங்க, சிவன் மன்மதன எரிச்ச கதைய ஆடுற கூத்து, மதன்னா அந்த மன்மதன், ரதி அவன் பொண்டாட்டி. மாசி மாசம் கம்பம் ஊண்டி, விரதம் இருந்து, தப்பு அடிச்சு, ராத்திரி முழுக்க தோட்டமே கூடி நிக்கும். மதனா வேஷம் கட்டுறது யாருன்னு எல்லாருக்கும் தெரியும், நேத்து வரைக்கும் மருந்தடிக்க போன பொடியன்தான். ரதியும் ஆம்பளைதான். ஆனா சிவன் நெத்திக்கண்ண தொறந்து மதன் எரிஞ்சப்புறம் ரதி ஒப்பாரி வைக்கிறப்ப எத்தன பொம்பளைங்க முந்தானைய வாயில வச்சுக்கிட்டு அழுவாங்க. அங்க ஒரு கிராபிக்ஸும் இல்ல. ஏன் நம்புறாங்க? வேஷம் கட்டுனவன் விரதம் இருந்தான், சட்டத்த மீறல, எரிஞ்சவனுக்கு எரிஞ்சதுக்குண்டான மரியாதைய ஊரே குடுத்துச்சு, மூணாம் நாள்தான் அவன் எழும்புவான், அதுக்கு முன்னால எழும்ப மாட்டான். அந்த கட்டுப்பாடுதான் நம்பிக்கைய தாங்கி நிக்குது. நம்ம ஜனத்துக்கு அதிசயத்த நம்புற பழக்கம் இல்லன்னு யாராச்சும் சொன்னா ஒரு மாசி ராத்திரி வந்து பாக்கச் சொல்லுங்க.

திரையிலயும் தமிழ் ஆக்களுக்கு இது புதுசு இல்ல. 1963லயே எம்ஜிஆர் நடிச்ச கலை அரசில வேற கிரகத்து ஆக்கள் வந்து பாட்டு சொல்லிக்குடுக்க ஒரு பொம்பளைய தூக்கிட்டு போனாங்க, நம்ம தாத்தாமாரு டிக்கட் எடுத்து பாத்த காலம் அது. 2010ல எந்திரன பாக்க எந்த டவுன்லயும் கூட்டம் குறையல. 2021ல மாநாடு ஒரே நாள திரும்ப திரும்ப ஓட்டுச்சு, சாகுற ஒவ்வொரு தடவையும் ஹீரோ அதே ஃபிளைட்டுல கண்ண முழிப்பான், அந்த ஒரு சட்டத்த பிடிச்சுக்கிட்டு மூணு தலைமுறையும் சேந்து பாத்துச்சு. நம்ம மலையகத்த வச்சு வந்த படம்னா 1975ல வி.பி.கணேசன் எடுத்த புதிய காற்று மாதிரி தொழிலாளர் வாழ்க்கைய நேரா சொன்னதுதான் நெனப்புக்கு வரும், அதுக்குண்டான மரியாதை எப்பவும் இருக்கு. ஆனா நம்ம வாழ்க்கைய நேராத்தான் சொல்லணும்னு ஒரு கட்டாயம் நம்ம மேல தானா விழுந்துருச்சு, கஷ்டத்த காட்டு, கூடைய காட்டு, அட்டைய காட்டு. நம்ம புள்ளைகளும் கற்பனை பண்ணலாம், பண்ணணும்.

ஒரு உதாரணம் மட்டும் சொல்லிட்டு விட்டுடுறேன், ரொம்ப நாளா மனசுல கிடக்குது. பேரலல் வேர்ல்டுன்னு சொல்றாங்கல்ல, இதே ஆள் இன்னொரு உலகத்துல வேற மாதிரி வாழ்றது. நம்ம சனத்துக்கு அது கற்பனையே இல்ல. 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம்ம சனத்த பிரிக்க ஒப்பந்தம் போட்டாங்க, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்க, மிச்சம் 1,50,000 பேர் பத்து வருஷம் கழிச்சு பாதிக்கு பாதி. ஒரே வீட்டுல அண்ணன் ஒரு பக்கம் தங்கச்சி ஒரு பக்கம். தலைமன்னார் போற கோச்சில ஏறுனவங்க பேரப்புள்ள இன்னைக்கு கூடலூர்லயோ கோத்தகிரிலயோ தேயிலை மலையில நிக்குது, ஏறாதவங்க பேரப்புள்ள தலவாக்கலைல தேயிலை மலையில நிக்குது, ரெண்டும் ஒரே பாட்டி ஜாடை. இந்த ரெண்டு புள்ளைகளும் ஒரு மூடுபனில ஒன்ன ஒன்னு சந்திச்சா என்ன கேக்கும்? எந்த கிராபிக்ஸும் வேணாம், ஒரே நடிகை, இடுப்புல ரெண்டு விதமா கட்டுன படங்கு, ரெண்டு விதமான பேச்சு. உங்க படம் முடிஞ்சப்புறம் யாராச்சும் இத எடுங்க, என்கிட்ட கேக்கவே வேணாம்.

எழுதுறப்ப கவனிக்க வேண்டியது சிலது இருக்கு, வேகமா சொல்லிடுறேன். அந்த புள்ளைக்கு சக்தி எப்படி வந்துச்சுன்னு ஒரு கிழவரு உக்காந்து விளக்குற சீன் கண்டிப்பா உங்க முதல் டிராஃப்டுல இருக்கும், எல்லாரோடதுலயும் இருக்கும், அத தூக்கிருங்க. அந்த சக்தியோட சட்டத்த டயலாக்ல சொல்லாம மூணு எடத்துல காட்டுங்க, ஒரு எடத்துல வேலை செய்யிறது, ஒரு எடத்துல செய்யாதது, ஒரு எடத்துல அதுக்கு அவ குடுத்த விலை. டயலாக்க டிவி சீரியல் தமிழ்ல எழுதாதீங்க, உங்க அம்மாயி எப்படி கதைப்பாங்களோ அப்படியே எழுதுங்க. கம்பெனி, டிப்பார்ட்மென்ட் பேரெல்லாம் வச்சு திட்டவும் வேணாம், அமெரிக்காவுல ராட் செர்லிங் டிவிக்கு எழுதுன நாடகங்கள்ல ஸ்பான்சர்மாரு கைய வச்சு கைய வச்சு கடைசில மனுஷன் 1959ல த ட்வைலைட் சோன் தொடங்கி இனவெறிய பத்தியும் பயத்த பத்தியும் சொல்ல நெனச்சத வேற கிரகத்துலயும் வேற காலத்துலயும் வச்சு சொன்னாரு. கற்பனைக் கதைக்கு அந்த தைரியம் உண்டு, அத பாவிச்சுக்கோங்க.

நீளம் இருபது நிமிஷத்த தாண்ட வேணாம்னு நெனக்கிறேன், இது அபிப்பிராயம்தான். கடைசில மலை சரியணுமா வேணாமான்னு நீங்க கேக்கல, ஆனா அந்த கேள்வி உங்கள பிடிக்கும். நானா இருந்தா சரியிறதுக்கு முந்தின ராத்திரி, யாரு போறது யாரு இருக்கிறதுன்னு அவ சொல்லி முடிச்ச எடத்துல நிப்பாட்டுவேன், அவ தன்னோட வீட்ட எந்த பக்கம் வச்சாங்கிறது படத்துக்குள்ள தெரிஞ்சிருக்கணும். அந்த முடிவ நீங்க எடுக்காம ஷூட்டிங் போயிராதீங்க. இன்னொன்னு, கதைக்கு மழை வேணும்னு அடை மழைக் காலத்துல சரிவுக்கு கீழ போய் கேமரா வைக்கிற வேலையே வேணாம் தம்பி, மழைய தகரத்து மேல விழுற சத்தமா தனியா ரெக்கோர்ட் பண்ணி எடுத்துக்கோங்க, காம்பராவுக்குள்ள நடக்கிற சீன் எல்லாம் வெயில் காலத்துல ஜன்னல சாக்கால மறைச்சு எடுத்துடலாம். டிராஃப்ட் எழுதிட்டீங்கன்னா முழுசா இங்க போடாதீங்க, யாராச்சும் எடுத்துருவாங்க, எனக்கு தனியா அனுப்புங்க, வாசிச்சு எழுதுறேன்.